ஊறுகாய் தின்ற கோப்பை

"உங்க புருஷன் பயங்கரவாதியா இல்லையாங்கறது அப்புறம். அந்த ஊறுகாய் இனிச்சுதுன்னு சொன்னீங்களே, அத முதல்ல சொல்லுங்க" என்றாள் ஞானாம்பிகை.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த காத்தாயி அழுகையை நிறுத்திவிட்டு விழித்தாள். வாசலில் சாய்ந்து நின்ற நுஹ்மானுக்கே சங்கடமாகப் போயிற்று. மனுஷி யட்டவத்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாத்தளைக்கு வந்து, மருந்துக்கடை மாடிப்படி ஏறி, புருஷனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மேடத்துக்கு ஊறுகாய்க் கவலை.

ஞானாம்பிகை சுங்கத் திணைக்களத்தில் பாதி ஆயுசை மற்றவர்களுடைய பெட்டிகளைத் திறந்து பார்ப்பதிலேயே கழித்தவள். ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. 'அந்தரங்க விசாரணை' என்று ஒரு பலகையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொலை, கடத்தல் என்று ஒருவரும் அவளிடம் வரவில்லை. அது 2007ஆம் வருஷம், யுத்த காலம். அந்தக் காரியங்களை யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நாட்டில் யாருக்கும் ஆசை இருக்கவில்லை. வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். குடிக்கிறாரா, வேறு குடும்பம் உண்டா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா. நுஹ்மானும் அப்படி விசாரிக்கப்பட்ட ஒரு மாப்பிள்ளை. 'பையன் யோக்கியன், சொந்தமாக முச்சக்கர வண்டி வைத்திருக்கிறான், வாய்தான் நிற்காது' என்று அவள் சொல்லப்போக, கலியாணம் நின்றுபோனது. நியாயம் கேட்க வந்தவனை அவள் உதவிக்கு வைத்துக்கொண்டாள்.

காத்தாயியின் புருஷன் சிவனு, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பழைய போத்தலும் பேப்பரும் சேர்க்கிறவன். தம்புள்ளையில் மரக்கறி லொறிக்காரர்கள் கழற்றிப் போடும் செத்த பற்றரிகளையும் எடுத்துவருவான். போன கிழமை அலுவிகாரைச் சாவடியில் அவனுடைய சாக்கை அவிழ்த்துக் கொட்டினார்கள். பற்றரிகளும், அவற்றுக்குள்ளிருந்து பிடுங்கிய ஈயத் தகடுகளும் விழுந்தன. தமிழன், சாக்கு, பற்றரி. மூன்றையும் கூட்டிப் பார்த்தவனுக்கு வந்த விடை குண்டு.

"யட்டவத்த கோப்பைக் கம்பெனிக்குத்தான் கொண்டு போறேன்னு அந்த மனுசன் சொல்லியிருக்காரும்மா" என்றாள் காத்தாயி. "பொலிசு போயிக் கேட்டுச்சாம். அந்தப் பெரிய ஐயா, இப்படி ஒரு ஆளயே தெரியாது, நாங்க ஒடஞ்ச போத்தல்ல இருந்துதான் கோப்பைக்குப் பூச்சு செய்யிறோம்னுட்டாராம். நாளைக்குக் கொழும்புக்கு அனுப்பப் போறாங்களாம். அங்க போனவங்க எல்லாம் எப்பம்மா திரும்பி வந்தாங்க?"

பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். தேன் நிறம். ஜன்னல் வெயில் பட்டதும் தங்கம் மாதிரி மினுங்கியது. கைப்பிடி மட்டும் கோணல்.

"கோணலாப் போச்சுன்னு கம்பெனியில அவருக்குச் சும்மா குடுத்தது. தேசிக்கா ஊறுகா போட்டு வச்சேன். எடுத்து நாக்குல வச்சா இனிக்கிது. பயந்து கொட்டிட்டேன்."

ஞானாம்பிகை கோப்பைக்குள் விரலை விட்டுத் தடவினாள். வெளியே கண்ணாடி மாதிரி வழுவழுத்தது, உள்ளே ஊறுகாய் இருந்த மட்டம் வரைக்கும் வெளுத்துச் சுண்ணாம்புச் சுவர்போலச் சொரசொரத்தது.

"நுஹ்மான், கடையில ஊறுகாய் எதுல அடைச்சு விக்கிறாங்க?"

"போத்தல்ல."

"வருஷக் கணக்கா இருந்தாலும் ஊறுகாய் அந்தப் போத்தலத் தின்னுமா?"

"ஊறுகாய் விக்கிறவர்தான் நம்மளத் திங்கிறாரு. போத்தலுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப இதுல பூசியிருக்கிறது போத்தல் இல்ல" என்று எழுந்தாள். "வண்டிய எடு. இன்னைக்கு நீதான் மாப்பிள்ளை."

"யாரு பொண்ணு?"

"பொண்ணு இல்ல. கலியாணத்துக்கு வாறவங்களுக்குக் குடுக்கக் கோப்பை மட்டும் பார்க்கப் போறோம்."

"என் ராசிக்கு அவ்வளவுதான்" என்றான் நுஹ்மான்.

ஹரித கோப்பை நிலையம் யட்டவத்தச் சந்தையைத் தாண்டி ஒரு சரிவில் இருந்தது. வாசலில் மும்மொழிப் பலகை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கழிவிலிருந்து கலை பிறக்கிறது என்று அழகாகச் சொல்லியிருந்தார்கள். தமிழுக்கு வந்தபோது வர்ணக்காரர் களைத்திருக்க வேண்டும். 'கழிவே கொலை' என்றிருந்தது. நிலையத்தின் தலைவர் மகேந்திரராஜா தமிழர்தான், பொறியியல் படித்தவர்தான். ஆனால் பலகையின் ஆங்கிலப் பக்கத்தைத் தவிர வேறெதையும் வாசிக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

அன்று அவர் பரபரப்பாக இருந்தார். பின்னேரம் விழா. உதவி வழங்கும் வெளிநாட்டு அம்மணி வருகிறார். சுற்றுவட்டார முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் குடிக்க ஹரிதவின் கோப்பைகளை அவர் கையாலேயே வழங்கப் போகிறார். பட்டிக் சட்டையோடு ஓடி வந்தவர், மாப்பிள்ளையைக் கண்டதும் குளிர்ந்து போனார்.

"நாங்க வெறும் கோப்பை விக்கல, மேடம். நிலைபேறான அபிவிருத்தி. உடைஞ்ச போத்தல், உமிச் சாம்பல். ஊரே தூக்கிப் போடுறதை எடுத்துத்தான் இந்தப் பூச்சைச் செய்யிறோம். அதோட பெண்களை வலுவூட்டுறோம்."

"பற்றரிக்கு சார்ஜ் ஏத்துவாங்களே, அந்த மாதிரியா சேர்?" என்று நுஹ்மான் அப்பாவியாகக் கேட்டான்.

மகேந்திரராஜாவின் சிரிப்பு ஒரு கணம் அப்படியே உறைந்தது. பிறகு, "நல்ல பகிடிக்கார மாப்பிள்ளை" என்று முன்னால் நடந்தார்.

பின்புறத்தில் போத்தல் துண்டுகள் பச்சை, பழுப்பு, வெள்ளை என்று தனித்தனிக் குவியலாக இருந்தன. பச்சைக் குவியலில் கொடி படர்ந்திருந்தது. பழுப்புக் குவியலின் ஓரத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"தினமும் இதுலயிருந்துதான் அள்ளுறோம்" என்றார் அவர்.

கோழி அவரைப் பார்த்தது. நுஹ்மான் கோழியைப் பார்த்தான். அந்தப் பொய்யில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை என்பது அதன் நிம்மதியிலேயே தெரிந்தது.

பக்கத்தில் பெரிய கல் உரல். கண்ணாடியை இதில்தான் மாவாக இடிக்கிறார்களாம். நுஹ்மான் குனிந்து எட்டிப் பார்த்தான். அடுத்த கணம் மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மினான். கண்ணில் நீர் கொட்டியது.

"உங்க கண்ணாடி நல்ல காரம், சேர்."

"இது... சமையலுக்கும் எப்பவாவது..." என்றபடி அவர் வேறு பக்கம் கையைக் காட்டினார்.

"கண்ணாடி இடிச்ச உரல்ல செத்தல் மிளகாய இடிச்சிருந்தா, இங்க சம்பல் சாப்பிட்ட அத்தனை பேரும் மௌத்தாயிருப்பாங்க, மேடம்" என்று நுஹ்மான் காதோடு சொன்னான்.

"கண்ணாடி அந்த உரலுக்கு வந்ததே இல்ல" என்றாள் அவள். "சரி, அந்தத் தோட்டத்தைப் பாரு."

வேலியோரம் வல்லாரை தழைத்துக் கிடந்தது. பச்சை வர்ணம் பூசிய நீளப் பெட்டிகளில் வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆறு அறைகள். நுஹ்மான் ஒன்றை நகத்தால் சுரண்டினான். பச்சைக்குக் கீழே கறுப்பு.

"தோட்டத்து லயம் மாதிரி வரிசையா ஆறு காம்பரா" என்றான். "இதுல முன்னாடி யாரு குடியிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். லொறி பற்றரி. வீடு இங்க இருக்கு. குடியிருந்தவங்க எங்க போனாங்க?"

அதற்குப் பதில் சொல்வதுபோல எங்கிருந்தோ ஓர் இரைச்சல் கேட்டது. தோட்டத்தின் கோடியில் ஜன்னல் அடைத்த ஓர் அறை. கதவில் 'தியான அறை. மௌனம் காக்கவும்' என்று எழுதியிருந்தது. உள்ளே எதுவோ கடமுடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம் சேர்?"

"ஓங்காரம்" என்றார் மகேந்திரராஜா. "கசெட்ல போடுறோம். பெண்களோட மன அமைதிக்கு."

இருபது கசெட்டை ஒன்றாக அரைத்தாலும் அப்படி ஓர் ஓங்காரம் வராது என்று நுஹ்மானுக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், விழாவுக்குப் பந்தல்காரர் வந்துவிட்டார் என்று யாரோ கூப்பிட, மகேந்திரராஜா ஓடினார். அதே நேரம் தியான அறைக் கதவு திறந்தது. முக்காட்டின் முனையால் வாயைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து குழாயடியில் கை கழுவினாள். முழங்கை வரைக்கும் சாம்பல் நிறம். கழுவக் கழுவப் போகவில்லை.

நுஹ்மானுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. அவனுடைய தெருவில் வளர்ந்து யட்டவத்தையில் வாழ்க்கைப்பட்ட கைறுன்னிஸா, அவனுக்கு அக்கா முறை.

"தியானம் பண்ணினா முகத்துல ஒளி வரும்னாங்களே, லாத்தா. உங்களுக்குக் கையில வந்திருக்கு?"

"பகிடி பண்ணாத நுஹ்மான்." அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "உள்ள பற்றரித் தகட்டைச் சுட்டு அரைக்கிறோம். வெளிய சொன்னா வேலை போயிரும். எனக்குக் கொஞ்ச மாசமா வயிறு முறுக்குது. ஒரு வாளி தூக்க ஏலாது, கை தொங்கிப் போகுது."

"டொக்டர்ட காட்டினீங்களா?" என்று ஞானாம்பிகை கேட்டாள்.

"பயத்துல வாறதுன்னு பெரிய சேர் சொன்னாரு. அதுக்குத்தான் தியானமாம்." கைறுன்னிஸா வறட்சியாகச் சிரித்தாள். "நல்ல மனுசன்தான், மேடம். எங்க வீட்டுச் சின்னவளுக்குப் பால் குடிக்க ரெண்டு கோப்பை தந்தாரு."

ஞானாம்பிகைக்கு, சுங்கத்தில் பொட்டலத்தைப் பிரித்துக் கண்டுபிடித்தபோதெல்லாம் வரும் அந்தச் சின்னத் தலையாட்டல்கூட வரவில்லை. "அந்தக் கோப்பையை இன்னைக்கே உடைச்சுப் போடுங்க. பிள்ளைக்குத் தகரக் குவளையிலயாவது குடுங்க" என்றாள். "இங்க நீங்க யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். அவரே சொல்லுவாரு."

"அவரா? தலைகீழா நின்னாலும் சொல்ல மாட்டாரு" என்றான் நுஹ்மான் திரும்பி வரும்போது.

"யாருக்குப் பயப்படணும்னு அவருக்கு இன்னும் தெரியல. அதான் சொல்லல."

பின்னேரம் பந்தல் நிரம்பியிருந்தது. வெளிநாட்டு அம்மணி முன்வரிசையில் சேலையோடு போராடிக்கொண்டிருந்தார். முன்பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். மேசையில் தேன் நிறக் கோப்பைகள் குவிந்திருந்தன. பாதுகாப்புக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஏகநாயக்க, சிவனுவைப் பிடித்து வைத்திருக்கிறவர், முதல் நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கப் பார்த்தார். ஞானாம்பிகை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்" என்றாள் சிங்களத்தில். "சிவனு இங்க பற்றரி கொண்டு வரவே இல்லைன்னு மகேந்திரராஜா சொல்லியிருக்கார். ஆனா அவரோட வல்லாரை முழுக்கப் பற்றரிப் பெட்டியிலதான் முளைச்சிருக்கு. அத்தனை பெட்டிக்குள்ள இருந்த ஈயமும் எங்க போச்சு? அங்க ஒரு அறையப் பூட்டி வச்சு உள்ள மெஷின் ஓட்டுறாங்க."

இன்ஸ்பெக்டரின் தூக்கம் ஓடிப்போனது. ஒரு சாக்கைப் பிடித்ததற்கே மேலிடத்தில் முதுகில் தட்டியிருந்தார்கள். தொழிற்சாலையே கிடைத்தால்? அவர் எழுந்த வேகத்தில் தொப்பி உருண்டது. கொன்ஸ்டபிள்கள் துவக்கோடு தோட்டத்துக்குள் பாய்ந்தார்கள். தியான அறையின் கதவு ஓர் உதையில் திறந்தது. உள்ளே பீப்பாய் பீப்பாயாகச் சாம்பல் தூள், மூலையில் மலையாக ஈயத் தகடு, நடுவில் சுற்றிக்கொண்டிருந்த உருளை.

"யாரும் அசையக் கூடாது!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். "பொம்ப் ஃபெக்டரி!"

பந்தல் கலைந்தது. டீச்சர்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வீதிக்கு ஓடினார்கள். வெளிநாட்டு அம்மணி மேசைக்கு அடியில் போனார். மகேந்திரராஜாவின் நெஞ்சுக்கு நேரே இரண்டு துவக்குகள் நீண்டன.

அவருக்குப் பக்கத்தில் போய் நின்ற ஞானாம்பிகை மெல்லச் சொன்னாள். "சேர், இந்த ஈயம் கோப்பைக்குப் போகுதா, இல்ல பொம்புக்குப் போகுதா? ரெண்டுல ஒண்ணுதான். இப்பவே சொல்லிடுங்க. கொழும்புல கேட்கிற விதம் வேற."

மகேந்திரராஜா துவக்கைப் பார்த்தார். மேசைக்கு அடியில் தெரிந்த வெளிநாட்டுச் செருப்பைப் பார்த்தார். மறுபடியும் துவக்கைப் பார்த்தார்.

"கோப்பைக்கு! சத்தியமாக் கோப்பைக்குத்தான்!" என்று மூன்று மொழியிலும் அலறினார். "போத்தல் தூளை உருக்க என்ட சூளைக்குச் சூடு காணாது! ஈயம் போட்டா லேசா உருகும், தங்கம் மாதிரி மினுங்கும்! சிவனுதான் கொண்டு வந்து தாறவன்! எனக்கு அவனை நல்லாத் தெரியும், மிச்சம் நல்லவன்!"

ஓடாமல் தேநீர்க் கோப்பையோடு பந்தலில் நின்றுபோன பிரமுகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நுஹ்மான் நினைத்தான். கைறுன்னிஸாவையும், வீட்டிலிருந்து அவளுடைய சின்ன மகளையும் ஏற்றிக்கொண்டான். மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பொலிஸ் நிலையத்தில் இறங்கிச் சிவனுவையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. நிலையத்து வாசலில் காத்தாயி, காலையில் மருந்துக்கடை மாடியிலிருந்து நேரே வந்து நின்றிருந்தாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் ஏகநாயக்க ஏமாற்றத்தோடு உட்கார்ந்திருந்தார். கிடைக்கவிருந்த பதவி உயர்வு கோப்பையாகப் போன வருத்தம்.

"மகேந்திரராஜா எங்க ஐயா?" என்று ஞானாம்பிகை கேட்டாள்.

"அடுத்த தெருவில இருக்கிற வீட்டுக்கு அனுப்பிட்டேன். கௌரவமான மனுசன். பூச்சில ஈயமோ பித்தளையோ, அது சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வேண்டியது. எனக்கு அதுல வேலை இல்ல."

"சிவனு?"

"அவன் ஃபைல் கொழும்புக்குப் போயிட்டுது. போனதைத் திருப்பி எடுக்க என்னால ஏலாது."

நுஹ்மான் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஈயத்தை வாங்கியவர் வீட்டில் கால் கழுவிக்கொண்டிருப்பார். சுமந்தவன் நாளைக்குக் கொழும்புக்குப் போகிறான். குற்றம் நிரூபணமான பிறகும் குற்றவாளி மாறவில்லை.

ஞானாம்பிகை வாதாடவில்லை. எதிர் நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தாள். ஒரு கொன்ஸ்டபிள் இன்ஸ்பெக்டருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தான். தேசிக்காய் பிழிந்த பிளேன்டீ. தேன் நிறக் கோப்பை.

"வடிவான கோப்பை" என்றாள் அவள்.

"புதுவருஷத்துக்கு மகேந்திரராஜா ஸ்டேஷனுக்குத் தந்த செட்..." என்று சொல்லிக்கொண்டே போன இன்ஸ்பெக்டரின் குரல் கடைசிச் சொல்லில் இறங்கியது.

ஞானாம்பிகை கைப்பையிலிருந்து காத்தாயியின் கோப்பையை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். உள்பக்கம் அவருக்குத் தெரியும்படி சாய்த்தாள். "இதைத் தின்னது தேசிக்காய்ப் புளி. புளியில கரைஞ்ச ஈயம் இனிக்கும், ஆனா நஞ்சு. தினமும் தேசிக்காய் போட்டுத்தான் குடிப்பீங்களா?"

"காலையிலயும் பின்னேரமும்..."

"வயிறு எப்படி?"

இன்ஸ்பெக்டரின் கை தானாக இடுப்பு வாரில் போய் நின்றது. "கேஸ்ட்ரைட்டிஸ்னுதான் நினைச்சேன்" என்றார் மெல்ல.

"டொக்டர் கேட்பார், பூச்சில எவ்வளவு ஈயம், எவ்வளவு காலமா, எந்தப் பற்றரின்னு. மகேந்திரராஜா குறைச்சுத்தான் சொல்லுவாரு. உள்ளதைச் சொல்லக் கூடியவன் ஒருத்தன்தான். அவனும் கொழும்புக்குப் போயிட்டா..." அவள் கையை விரித்தாள்.

இன்ஸ்பெக்டர் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே மங்கலாக ஒரு வெள்ளை வளையம். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மேசை இழுப்பறையைத் திறந்தார். கொழும்புக்குப் போய்விட்ட ஃபைல் அதற்குள் பத்திரமாக இருந்தது. எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மகேந்திரராஜாவை இப்பவே தூக்கிக்கொண்டு வா!" என்று உறுமினார். ஜீப் பறந்தது. கைறுன்னிஸாவின் வயிற்றுக்காக அல்ல. சிவனுவுக்காகவும் அல்ல.

சிவனு நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. காத்தாயி அவன் தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்து வண்டிக்குக் கூட்டி வந்தாள். மூன்று பெண்களும் பிள்ளையும் பின்னால் நெருக்கி உட்கார, சிவனு நுஹ்மானுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சந்தியில் ஆமிச் சாவடி. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள்.

"அடையாள அட்டை?"

"பொலிஸ்ல இருக்குங்க" என்றான் சிவனு.

"ஏன் பொலிஸ்ல இருக்கு?"

சிப்பாய் சிவனுவின் வீங்கிய கண்ணையே பார்த்தான். கை மெல்ல வயர்லெஸ் பக்கம் போனது. காத்தாயியின் விரல்கள் புருஷனின் சட்டையை இறுக்கிப் பிடித்தன.

பின்னால் ஒரு ஹோர்ன் அலறியது. பொலிஸ் ஜீப். முன்னிருக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஏகநாயக்க. பின்னால் இரண்டு கொன்ஸ்டபிள்களுக்கு நடுவே, ஒரு காலில் மட்டும் செருப்போடு மகேந்திரராஜா. பாதையை அடைத்துக்கொண்டு நின்றது நுஹ்மானின் வண்டி.

"அதுகளை விடுடா!" என்று இன்ஸ்பெக்டர் ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினார். "ரோட்டைத் திற முதல்ல! அவசரம்!"

தடை மேலே போனது. எல்லோரும் விழுந்தடித்து ஏறினார்கள்.

"நுஹ்மான், அந்த ஜீப் முன்னால போனா டொக்டர்ட முதல் நம்பர் அவருக்குத்தான்" என்றாள் ஞானாம்பிகை.

"எந்த ஜீப் மேடம்?" என்றான் அவன்.

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நுஹ்மான் நடு ரோட்டை விட்டு ஓர் அங்குலம் விலகவில்லை. பின்னால் ஹோர்ன் கதறிக்கொண்டே வந்தது. முதல் நம்பர் கைறுன்னிஸாவின் மகளுக்குக் கிடைத்தது.